கடன்பட்டோர்க்கும் ஒரு கதவு

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கடற்கரையைக் கண்டு சென்ற வெனிசு நகரத்து வணிகர் மார்க்கோ போலோ, தம் பயண நூலில் ஒரு விந்தையான வழக்கத்தைக் குறித்துள்ளார். கடன் வாங்கியவன் நாள் கடத்தி ஏமாற்றுவானாயின், கடன் கொடுத்தவன் அவனை வழியில் மறித்து, அவனைச் சுற்றி நிலத்தில் ஒரு வட்டம் கீறுவான். கடனைத் தீர்க்கும் வரையிலோ, தக்க பிணை தரும் வரையிலோ கடனாளி அவ்வட்டத்தை விட்டு வெளியேறலாகாது. வெளியேறினால் தண்டனை மிகக் கடுமையானது. நாடாண்ட மன்னனே ஓர் அயல்நாட்டு வணிகனுக்குத் தர வேண்டிய பணத்தைத் தராது காலம் கடத்தியபோது, அவ்வணிகன் மன்னனையும் அவனது குதிரையையும் சுற்றி வட்டம் கீறினான் என்றும், பணம் கொடுத்துத் தீர்க்கும் வரை மன்னன் அவ்விடத்தை விட்டு அசையவில்லை என்றும் அவர் எழுதுகின்றார்.

மன்னனையும் கட்டுப்படுத்திய அவ்வட்டம் நேர்மைக்குச் சான்றாகும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அதனுள்ளே வேறொரு கேள்வி மறைந்து கிடக்கின்றது. மன்னனிடம் பணம் இருந்தது; ஆகவே அவன் வெளியேறினான். கொடுப்பதற்கு மனம் இருந்தும் பணம் இல்லாதவன் என் செய்வான்? அவன் வட்டத்துக்குள்ளேயே நின்று மடிய வேண்டியதுதானா? இக்கேள்விக்கு மனித சமுதாயம் தேடிய விடையே நொடிப்புச் சட்டமாகும். அவ்விடை கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரத் தமிழரிடம் எவ்வாறு வந்து சேர்ந்தது, அதனை அவர்கள் எந்த அளவுக்கு அறிந்து கொண்டனர் என்பதை ஆராய்வது பயனுடைய செயலாகும்.

சொல்லும் பொருளும்

'நொடித்தல்' என்னும் தமிழ்ச்சொல் ஒடிதல், நிலைகுலைதல் என்னும் பொருள் தருவது. செல்வநிலை ஒடிந்து போனவரை 'நொடித்துப் போனவர்' என்பது இன்றும் வழங்கும் பேச்சு. ஆங்கிலத்தில் இதனைக் குறிக்கும் 'பேங்கரப்சி' என்னும் சொல், 'உடைந்த பலகை' எனப் பொருள்படும் இத்தாலியச் சொற்றொடரிலிருந்து பிறந்ததென்பர். பணம் மாற்றுவோர் அமர்ந்து தொழில் செய்த பலகையைக் குறித்தது அது. மலாய் மொழியில் வழங்கும் 'முஃப்லிஸ்' அரபு மொழியினின்று வந்தது. செப்புக் காசைக் குறிக்கும் சொல்லின் அடியாகத் தோன்றியது. பொன்னும் வெள்ளியும் போய்ச் செப்புக் காசளவில் தாழ்ந்தவன் என்பது அதன் கருத்து. செய்தித்தாள்களில் நாம் காணும் 'திவால்' வடநாட்டு மொழி வழி வந்தது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலோ 'மஞ்சள் கடுதாசி கொடுத்தான்' என்றால் போதும், எல்லார்க்கும் விளங்கும்.

இச்சொற்கள் அனைத்தும் வீழ்ச்சியையே சுட்டுகின்றன. வீழ்ந்தவன் எழுவதற்குரிய வழியைச் சுட்டும் சொல் இவற்றுள் ஒன்றும் இல்லை. சட்டத்தின் வரலாறும் நெடுங்காலம் அவ்வாறே இருந்தது.

சிறையிலிருந்து மன்றத்துக்கு

இங்கிலாந்தில் கடன் தீர்க்க இயலாதவரைச் சிறையில் அடைப்பது நீண்ட கால வழக்கமாகும். 1824-ஆம் ஆண்டில் நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்சின் தந்தை இலண்டன் மார்ஷல்சீ சிறையில் அடைக்கப்பட்டதும், பன்னிரண்டு வயதுச் சிறுவரான சார்லஸ் காலணி மை தொழிற்சாலையில் வேலைக்குச் சென்றதும் பலரும் அறிந்தவை. சிறைக்குள் இருப்பவன் உழைத்துப் பணம் ஈட்டுவது எங்ஙனம்? இச்சிறிய உண்மையை உணரச் சட்டத்துக்கு நெடுங்காலம் தேவைப்பட்டது. 1869-ஆம் ஆண்டுச் சட்டம் கடனுக்காகச் சிறையிடுவதைப் பெருமளவில் ஒழித்தது. 1883-ஆம் ஆண்டின் நொடிப்புச் சட்டம் நொடித்தவரின் சொத்துகளை ஓர் அரசு அதிகாரியின் பொறுப்பில் வைத்தது. தொழிற் கருவிகளும், கடனாளியும் மனைவி மக்களும் உடுக்கும் உடையும், படுக்கும் படுக்கையும் 20 பவுன் மதிப்பு வரை அவரிடமே விடப்பட்டன. உழைக்கும் கையிலிருந்து கருவியைப் பறித்தலாகாது என்னும் அறம் சட்டத்தில் இடம்பெற்றது.

அச்சட்டத்தில் மன்றத்துக்குச் செல்ல இரு வழிகள் இருந்தன. ஒன்று, கடன் கொடுத்தவர் இடும் மனு. மற்றொன்று, 'என்னால் கடனைத் தீர்க்க இயலவில்லை' என்று கடனாளியே முன்வந்து இடும் மனு. முன்னது வெளியிலிருந்து கீறப்படும் பழைய வட்டத்தைப் போன்றது. பின்னது, உள்ளிருப்பவனே தட்டக்கூடிய கதவு.

ஆங்கிலச் சட்டத்தின் வார்ப்பில் நீரிணைக் குடியேற்றங்களில் 1888-ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர்க் கூட்டு மலாய் மாநிலங்களின் சட்டத் தொகுப்பிலும் அதையொத்த சட்டம் இடம்பெற்றது. சிலாங்கூரும் அதன் தலைநகராக விளங்கிய கோலாலம்பூரும் அதன் ஆட்சிக்கு உட்பட்டன.

அதே காலத்தில் தாய்த்தமிழகத்திலும் ஒரு பெரும் நொடிப்பு நிகழ்ந்தது. 1906 அக்டோபரில் சென்னையின் ஆர்பத்னாட் வங்கி வீழ்ந்து, பல்லாயிரவர் தம் சேமிப்பை இழந்தனர். அத்துயரினின்று எழுந்ததே 1907-இல் தோன்றிய இந்தியன் வங்கி. 1909-இல் மாநிலத் தலைநகரங்களுக்கும், 1920-இல் பிற பகுதிகளுக்கும் இந்தியாவில் நொடிப்புச் சட்டங்கள் வந்தன. 1920-ஆம் ஆண்டுச் சட்டப்படி 500 ரூபாய் கடன்பட்ட குடியானவரும் தாமே மனுச் செய்யலாம். ஆக, கதவு இரு கரைகளிலும் அமைந்திருந்தது. அதைத் தட்டியவர் யார்?

தோட்டமும் தொடர்வண்டிக் குடியிருப்பும்

மலாயாவுக்கு வந்த தமிழ்த் தொழிலாளி கப்பல் ஏறும்போதே கடனாளியாக ஏறினான். பயணச் செலவும் முன்பணமும் அவன் பெயரில் எழுதப்பட்டன. அவற்றை உழைத்துக் கழிப்பதே ஒப்பந்தக் கூலி முறையின் உயிர்நாடி. 1907-இல் முதலாளிகளின் பங்களிப்பைக் கொண்டு தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டு, அதிலிருந்து பயணச் செலவு ஏற்கப்பட்டது. 1910-இல் இந்தியத் தொழிலாளர்க்கான ஒப்பந்த முறை முடிவுக்கு வந்தது. இலங்கைத் தோட்டங்களில், தொழிலாளியின் கடனைக் குறித்து அவனை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற உதவிய 'துண்டு' முறை 1921-ஆம் ஆண்டிற்றான் ஒழிக்கப்பட்டது. தோட்டத்துக் கடன் கங்காணியின் கணக்கிலும் கடைக்காரரின் பேரேட்டிலும் இருந்தது. நீதிமன்றத்தின் நொடிப்புச் சட்டம் அத்தொழிலாளிக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

நகரத்துத் தமிழரின் நிலை வேறு. 1886-இல் கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றங்கரையில் உள்ள புக்கிட் கூடாவையும் இணைத்துத் தொடர்வண்டிப் பாதை திறக்கப்பட்டது. செங்கற் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ், தொடர்வண்டிப் பணியாளரின் குடியிருப்பாக வளர்ந்தது. இந்தியத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் அங்கு வாழ்ந்தனர். மாதச் சம்பளம் உண்டு. ஊரில் பெற்றோரும் உடன்பிறந்தோரும் உண்டு. மகளுக்குத் திருமணமும் மகனுக்குப் படிப்பும் உண்டு. சம்பளத்துக்கும் செலவுக்கும் இடையிலிருந்த பள்ளத்தைக் கடனே நிரப்பியது.

லெபோ அம்பாங் வட்டாரத்தில் நகரத்தார் நடத்திய கிட்டங்கிகள் வணிகர்க்கும் ஈயச் சுரங்கத்தார்க்கும் சிறுதோட்ட உரிமையாளர்க்கும் மட்டுமன்றி, சம்பளக்காரர்க்கும் கடன் வழங்கின. வங்கிகள் எளியவரை ஏறிட்டும் பாராத நாளில் அவை செய்த பணி பெரிது. எனினும், ஈடு இல்லாத கடனுக்கு வட்டி மிகுதி. ஒருவர் பெறும் கடனுக்கு உடன் பணியாற்றும் மற்றொருவரும் புரோநோட்டில் சேர்ந்து கையொப்பமிடுவர். இன்று நீ எனக்கு, நாளை நான் உனக்கு என்னும் நட்பின் கையொப்பம் அது. ஒருவர் வீழ்ந்தால் இருவரும் வீழ்வர்.

அரசு ஊழியர்க்கு வேறோர் அச்சமும் இருந்தது. கடும் பணநெருக்கடியில் ஆழ்வது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய குற்றமென ஆட்சி விதிகள் கூறின. 1993-ஆம் ஆண்டில் வெளிவந்த மலேசியப் பொதுச்சேவை ஒழுங்கு விதிகளிலும் இக்கருத்து இடம்பெற்றுள்ளது. ஆதலின், நொடித்ததை வெளிப்படுத்துவது வேலைக்கே உலை வைப்பதாகும் என்று அஞ்சியவர், ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன் வாங்கினர். கதவு இருந்தது, அதைத் தட்டும் ஒலி வெளியே கேட்டுவிடுமோ என்னும் அச்சம் அதனினும் பெரிதாக இருந்தது.

மொழியும் ஒரு தடையாக இருந்தது. மன்றத்தின் மொழி அந்நாளில் ஆங்கிலம், பின்னர் மலாய். வழக்கறிஞரை அமர்த்தப் பணமில்லாதவர், நீதிமன்றங்களுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் அருகே அமர்ந்திருந்த மனு எழுதுவோரை நாடினர். தாம் படித்தறிய இயலாத தாளில், தம் வாழ்வையே பிறர் எழுதக் கண்டு கையொப்பமோ கைநாட்டோ இட்டவர் எத்துணைப் பேர்!

இந்நிலைக்கு நல்லதொரு மாற்றாக எழுந்தது கூட்டுறவு இயக்கம். 1922-ஆம் ஆண்டில் கூட்டுறவுச் சட்டம் இயற்றப்பட்டு, ஏ. கேவண்டிஷ் அதன் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றார். அவ்வாண்டு ஜூலைத் திங்களில் அஞ்சல், தந்தி ஊழியரின் சிக்கனக் கடனுதவிச் சங்கம் முதற் சங்கமாகப் பதிவு பெற்றது. சம்பளத்தில் சிறுதொகையைச் சேமித்து, தம்முள் தாமே குறைந்த வட்டிக்குக் கடன் பெறும் இம்முறை அரசு ஊழியரிடையே பரவியது. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தனார் முயற்சியால் உருவான தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், அதே தத்துவத்தைத் தோட்டத் தொழிலாளரிடம் கொண்டு சென்றது. விழுந்தபின் எழுவதற்கு வழிசெய்வது சட்டம்; விழாமற் காப்பது கூட்டுறவு எனலாம்.

1967-ஆம் ஆண்டுச் சட்டமும் பிணைக் கையெழுத்தும்

விடுதலைக்குப் பின், பல பகுதிகளில் பலவாறாக இருந்த சட்டங்களுக்கு மாற்றாக 1967-ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டம் வந்தது. அதன் எலும்புக்கூடு பழைய ஆங்கிலச் சட்டமே. நொடித்தவரென அறிவிக்கப்பட்டவர் அனுமதியின்றி நாட்டை விட்டு வெளியேறலாகாது. நிறுவன இயக்குநராக இருத்தலாகாது. கூட்டரசு அரசியலமைப்பின் 48-ஆம் பிரிவின்படி, விடுவிக்கப்படாத நொடித்தவர் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆகலாகாது.

இச்சட்டம் நடைமுறையில் இருந்த காலத்திலேயே கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழர் வாழ்வும் மாறிற்று. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. தொழிலாளர் குடும்பங்கள் கிள்ளானிலும் ஷா ஆலாமிலும் கோலாலம்பூர்ப் புறநகரிலும் குடியேறின. தோட்டத்தில் கூலியோடு கிடைத்த வீடு, நகரத்தில் கடனோடுதான் கிடைத்தது. வண்டிக்குத் தவணைக் கடன், வீட்டுக்கு வங்கிக் கடன், பிள்ளையின் மேற்படிப்புக்குக் கல்விக் கடன் என வாழ்வே கடன் தாள்களால் கட்டப்பட்டது. ஒவ்வொரு தாளிலும் பிணையாளர் ஒருவர் கையொப்பமிட வேண்டும். தம்பிக்கு அண்ணன், மைத்துனனுக்கு மாமன், நண்பனுக்கு நண்பன் எனக் கையொப்பமிட்டனர். பிரிக்பீல்ட்ஸ் எழுத்தரின் புரோநோட்டு வேறு வடிவில் மீண்டும் வந்தது.

பிணையாளராக நிற்பது சான்றுக் கையெழுத்து அன்று. கடனைத் தாமே ஏற்பதற்கு நிகரான பொறுப்பாகும். இதை உணராது கையொப்பமிட்டோர், தாம் ஒரு வெள்ளியும் பெறாத கடனுக்காக நொடித்தவராயினர். கடன் வாங்கியவர் இருக்குமிடம் தெரியாமற் போக, முகவரி மாறாத பிணையாளரே எளிதில் அகப்பட்டார். பழைய முகவரிக்குச் சென்ற நீதிமன்றத் தாளைக் காணாமலே நொடித்தவராகி, கடப்பிதழைப் புதுப்பிக்கச் சென்றபோதோ பயணம் புறப்பட்டபோதோ அதனை அறிந்தோரும் உண்டு. அறியாமற் கீறப்பட்ட வட்டம் அது.

சட்டம் திருந்திய வரலாறு

இக்குறைகளைச் சட்டமன்றம் சிறிது சிறிதாகக் களைந்தது. கடன் கொடுத்தவர் மனுச் செய்வதற்குரிய குறைந்த தொகை 2003-இல் 10,000 வெள்ளியிலிருந்து 30,000 வெள்ளியாகவும், 2017-இல் 50,000 வெள்ளியாகவும் உயர்த்தப்பட்டது. கொள்ளைநோய்க் காலத்தில், 2020-இல் தற்காலிகமாக 1,00,000 வெள்ளியாக்கப்பட்டு, 2021 செப்டம்பர் முதல் அதுவே நிலைபெற்றது.

2017 அக்டோபர் 6-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தம் பெரியதொரு திருப்பம். சட்டத்தின் ஆங்கிலப் பெயரே மாறியது. வீழ்ச்சியைச் சுட்டும் பழஞ்சொல் நீங்கி, கடன் தீர்க்க இயலாமையைச் சுட்டும் 'இன்சால்வென்சி' இடம்பெற்றது. கல்விக் கடன், சொந்தக் குடியிருப்புக்கான வீட்டுக் கடன், தொழில் நோக்கற்ற தவணைக் கடன் ஆகியவற்றுக்கு ஊதியம் கருதாது பிணை நின்றோர் 'சமூகப் பிணையாளர்' எனப்பட்டனர். அவர்களை இனி நொடித்தவராக்க இயலாது. ஏனைய பிணையாளர்மீது மனுச் செய்யவும், கடன் வாங்கியவரிடமிருந்து பெற எல்லா வழிகளையும் முயன்று பார்த்தபின் நீதிமன்ற அனுமதி பெற வேண்டும். மூன்றாண்டுகளுக்குப் பின், உரிய கடமைகளை நிறைவேற்றியவர் தாமாகவே விடுதலை பெறும் முறையும் வந்தது. 2023 அக்டோபரில் வந்த திருத்தம் விடுதலையை மேலும் எளிதாக்கியது. எழுபது வயதைக் கடந்த, பங்குத்தொகை செலுத்த இயலாத முதியோர்க்கும் மனநோயுற்றோர்க்கும் வழி திறந்தது. கடன் கொடுத்தோர் கூட்டத்தை மின்னணுத் தொடர்பு வழியாகக் கூட்டவும் இடமளித்தது.

இந்தியாவோடு ஒப்பிட்டால் இதன் சிறப்பு விளங்கும். அங்கு 2016-இல் புதிய நொடிப்புத் தொகுப்புச் சட்டம் வந்தது. ஆனால், தனிமனிதர்க்குரிய அதன் பகுதி 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தபோது, நிறுவனக் கடனுக்குப் பிணை நின்றோர்க்கு மட்டுமே பொருந்தியது. அங்கே பிணையாளரைப் பிடிக்க முதலில் திறந்தது சட்டம். இங்கே பிணையாளரைக் காக்க முதலில் முனைந்தது.

தாமே தட்டும் வழி

கடனாளி தாமே மனுச் செய்யும் உரிமை 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தொடக்கமுதல் உள்ளது. வழக்கறிஞர் வழியாகத்தான் செல்ல வேண்டுமென்னும் கட்டாயமும் இல்லை. தம் வழக்கைத் தாமே நடத்துவது எவர்க்கும் உரியது. கடன் தீர்க்க இயலாமையைக் கூறும் மனுவும், அதனை மெய்யெனச் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் உறுதிப்படுத்தும் பத்திரமும் உயர் நீதிமன்றத்தில் சேர வேண்டும். உரிய கட்டணமும் வைப்புத் தொகையும் செலுத்த வேண்டும். ஒருமுறை இட்ட மனுவை நீதிமன்ற அனுமதியின்றித் திரும்பப் பெறலாகாது. ஆணை பிறந்தபின், தம் சொத்து, கடன், வருமானம் ஆகிய அனைத்தையும் ஒளிவின்றி எழுதிய நிலையறிக்கையை மலேசியத் திவால் துறையிடம் அளிக்க வேண்டும். பின்னர்த் துறை குறிக்கும் பங்கை மாதந்தோறும் செலுத்தி வர வேண்டும்.

ஆணைக்குப் பின், ஈடு பெறாத கடன்காரர் நீதிமன்ற அனுமதியின்றிக் கடனாளிமீது வழக்குத் தொடர இயலாது. தனித்தனியே வந்து கதவைத் தட்டியோர் அனைவரும் ஒரே அலுவலகத்தின் வழியே தம் பங்கைப் பெறும் நிலை வருகின்றது. வீட்டையோ வண்டியையோ ஈடாகப் பெற்றவர் மட்டும் அவ்வீட்டின்மீதான தம் உரிமையை இழப்பதில்லை. ஊழியர் சேமநிதியில் உள்ள பணத்தைக் கடன்காரர் பற்ற இயலாது.

2011-ஆம் ஆண்டில் கோலாலம்பூர் நீதிமன்றங்களில் மின்வழிப் பதிவு முறை தொடங்கியது. 2012-ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகள் அதற்குரிய நெறிகளை வகுத்தன. வழக்கறிஞர் தம் அலுவலகத்திலிருந்தே ஆவணங்களை அனுப்புவர். வழக்கறிஞர் இல்லாதவர்க்காக நீதிமன்றங்களில் சேவைப் பணியகங்கள் அமைந்தன. அங்குக் கொடுக்கப்படும் தாள் மின்னணு வடிவம் பெற்று மன்றத்தைச் சேர்கின்றது. தாய்ச்சட்டம் பிறந்த இங்கிலாந்தோ மேலும் ஓர் அடி முன்சென்றது. 2016 ஏப்ரல் 6 முதல் அங்குக் கடனாளி நீதிமன்றத்துக்கே செல்ல வேண்டியதில்லை. இணைய வழியே விண்ணப்பிக்க, அதற்கென அமர்த்தப்பட்ட அதிகாரி முடிவு செய்கின்றார். சிறைக் கதவிலிருந்து தொடங்கிய பயணம் இல்லத்து மேசை வரை வந்துவிட்டது.

எனினும், நொடிப்பு விளையாட்டன்று. அது கடைசிக் கதவு. முதற் கதவு அன்று. அதற்குமுன் வேறு வழிகள் உள்ளன. தேசிய வங்கியின் முயற்சியால் 2006-இல் தோன்றிய கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகே, கட்டணமின்றி ஆலோசனை வழங்கி, வங்கிகளோடு பேசித் தவணைகளை மாற்றியமைக்க உதவுகின்றது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் கொணர்ந்த தன்விருப்ப உடன்பாட்டின் வழி, நொடித்தவராகாமலே கடன் கொடுத்தோரோடு ஒப்பந்தம் காணலாம். இவற்றை அறியாதவர், 'பெயரைத் துடைத்துத் தருகிறோம்' என்று பணம் பறிப்போரிடம் சென்று, இருப்பதையும் இழக்கின்றனர். அந்நாளைய மனு எழுதுவோராவது கூலிக்கு ஒரு மனுவை எழுதித் தந்தனர்!

கற்றோர் கடமை

வழக்கறிஞரின்றி மனுச் செய்யலாம் என்பது சட்டம் தந்த உரிமை. மனுவைப் படித்துப் பொருளறியும் ஆற்றலைச் சட்டம் தருவதில்லை. அதைத் தருவது கல்வியே. மின்வழி வந்ததனால் மன்றத்தின் தொலைவு குறைந்தது. மொழியின் தொலைவு குறையவில்லை. நாணத்தின் தொலைவோ அப்படியே உள்ளது. கடன் தீர்க்க இயலாமை வேறு, கடனை மறுக்கும் வஞ்சம் வேறு என்பதைச் சட்டம் நூறாண்டுகளுக்கு முன்பே பிரித்துணர்ந்தது. நம் சமுதாயம் இன்னும் அவ்விரண்டையும் ஒன்றாகவே எண்ணி, நொடித்தவரைத் திருமண வீட்டிலும் தெருமுனையிலும் தாழ்த்திப் பேசுகின்றது. அப்பேச்சுக்கு அஞ்சியே பலர் மறைக்கின்றனர். மறைத்தலால் ஒரு கடன் பத்தாகின்றது.

ஒரு தாளில் கையொப்பமிடுமுன் அதனைப் படிக்க வேண்டும். பிணை நிற்பது எத்தகைய பொறுப்பு என்பதை அறிய வேண்டும். நீதிமன்றத்திலிருந்து வரும் கடிதத்தை அஞ்சி ஒளிக்காமல் பிரித்துப் பார்க்க வேண்டும். இவற்றை மாணவர் பள்ளிப் பருவத்திலேயே அறிந்திருத்தல் நலம். கடிதம் எழுதவும் விண்ணப்பம் எழுதவும் கற்பிக்கும் தமிழாசிரியர், ஒரு கடன் பத்திரத்தைப் படித்துப் பொருள் கூறவும் கற்பித்தால் அஃது ஒரு குடும்பத்தையே காக்கக்கூடும். பாண்டிய நாட்டு மன்னன் வட்டத்துக்குள் நின்றபோது, தான் எங்கு நிற்கின்றான் என்பதை அறிந்து நின்றான். நம் மக்களும் தாம் நிற்குமிடத்தை அறிவார்களாயின், வெளியேறும் வழியையும் தாமே காண்பர்.